சகரியா ஏன் உடனே வீட்டுக்குப் போகவில்லை?

குரல் கம்மத் தொடங்கியது ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பில். அத்திமரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பழம் பழுக்கும் காலமே இல்லாதபோது இயேசு மரத்தில் பழம் தேடிப் போய், இல்லையென்றதும் அதைச் சபித்தது என்ன நியாயம் என்று யாரோ எழுதிப் போட்டிருந்தார்கள். நல்ல கேள்வி. பதிலை முக்கால்வாசி சொல்வதற்குள் தொண்டையில் உமி ஒட்டிக்கொண்டது போல ஒரு கரகரப்பு. தண்ணீர் குடித்தேன், செருமிப் பார்த்தேன், போகவில்லை. மீதியைக் கரகரத்த குரலிலேயே சொல்லி முடித்தேன். பாதியில் நிறுத்துகிற வழக்கம் எனக்குக் கிடையாது.

அந்த வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நோய் என்னிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பது அப்போதுதான் புரியும். திருவண்ணாமலையில் எங்கள் கிறிஸ்தவ சபை மிகச் சிறியது. வெள்ளிக்கிழமை மாலைகளில் வேதபாட வகுப்பு நடக்கும். ஒரு பிஸ்கட் டப்பாவின் மூடியில் கீறல் போட்டு வாசலில் வைத்திருப்போம். சுவிசேஷங்களில் புரியாத இடம் எதுவானாலும் சீட்டில் எழுதிப் போடலாம், பெயர் போட வேண்டாம். எஜமானை ஏமாற்றிய உக்கிராணக்காரனை (வீட்டுக் கணக்கைப் பார்ப்பவன்) எஜமானே ஏன் புகழ்ந்தான்? இயேசு பிடிபட்ட இரவில் துப்பட்டியைப் போட்டுவிட்டு வெற்றுடம்போடு ஓடிய வாலிபன் யார்? இயேசு குனிந்து தரையில் விரலால் என்ன எழுதினார்? இப்படி வரும்.

டப்பாவைத் திறந்து சீட்டை வாசித்துப் பதில் சொல்வது என் பொறுப்பு. பகலில் நான் கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா. மாவட்டம் புதிதாகப் பிரிந்திருந்த சமயம் அது. பாதி மேசைகள் வந்து சேரவில்லை, கோப்புகள் மட்டும் வந்து குவிந்தன. பகலெல்லாம் யார் யாருக்கோ குறிப்பு எழுதிக்கொண்டிருக்கும் நான் வாரத்தில் ஒரு மாலை மட்டும் வேறு ஆளாக இருப்பேன். என் குரல் கனமானது, மைக் தேவைப்படாது. அதில் எனக்குப் பெருமை இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. வகுப்பில் கமலா டீச்சர் என்று ஒருவர் இருந்தார். பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் நடத்துபவர். நான் எதைச் சொன்னாலும் கையை உயர்த்தி மறுத்துப் பேசாமல் விடமாட்டார். அவர் வராத வாரம் எனக்கு வகுப்பு சப்பென்று இருக்கும்.

கரகரப்பு போகவில்லை. அதிமதுரம் மென்றேன். மிளகுப்பால் குடித்தேன். ஆபீஸில் ஆளுக்கொரு கைவைத்தியம் சொன்னார்கள், எல்லாவற்றையும் செய்தேன். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது குரல் இப்படிக் கம்மி, இரண்டு மூன்று வாரம் ஆகியும் தெளியவில்லையென்றால், தயவுசெய்து அதிமதுரத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். நான் தாமதமாகத்தான் போனேன்.

உள்ளூர் டாக்டர் சிறிய கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்துவிட்டு, அதிகம் பேசாமல் வேலூருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே பயாப்ஸி (சதையைத் துளி கிள்ளி எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். குரல் நாணில் (குரல்வளைக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் மடிப்பு) புற்று என்று வந்தது.

பீடி உண்டா, சிகரெட் உண்டா, குடி உண்டா என்று கேட்டார்கள். எதுவும் இல்லை. டாக்டர் அதோடு விட்டுவிட்டார், சிலருக்குக் காரணம் தெரியாமலும் வரும் என்றார். ஆனால் ஊர் விடவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதே மூன்றைக் கேட்டார்கள். இல்லையென்றால், அப்பாவுக்கு உண்டா என்றார்கள். பிறவிக் குருடனைக் காட்டி, இது இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்ட இடத்தை வகுப்பில் நான் விரிவாக விளக்கியிருக்கிறேன். படுக்கையில் இருக்கிறவனைச் சுற்றி நின்றுகொண்டு அதைக் கேட்பது எவ்வளவு எளிது என்பது மட்டும் எனக்கு விளங்காமல் இருந்திருக்கிறது.

முதலில் கதிர் சிகிச்சை. என் மனைவி எஸ்தரும் நானும் வேலூரில் ஒரு அறை எடுத்துத் தங்கினோம். கழுத்துத் தோல் கறுத்தது. எச்சில் வறண்டது. சோற்றை மோர் ஊற்றிக் கரைத்துத்தான் இறக்க முடிந்தது. ஆனால் குரல் தெளிந்தது! ஊர் திரும்பி இரண்டு மழைக்காலம் பழையபடி வகுப்பு எடுத்தேன். கமலா டீச்சரோடு பழையபடி மல்லுக்கட்டினேன். பிறகு ஒருநாள் அந்தக் கரகரப்பு திரும்பி வந்தது. அது யாரென்று இந்த முறை எனக்குத் தெரிந்திருந்தது.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "குரல்வளையை முழுசா எடுக்கணும் சார். எடுத்தா நல்ல வாய்ப்பு இருக்கு. எடுக்கலைன்னா என்னால நம்பிக்கை சொல்ல முடியாது" என்றார்.

பேச்சு என்ன ஆகும் என்று கேட்டேன். பழைய குரல் வராது, வேறு வழியில் பேசக் கற்றுக்கொள்ளலாம், ஆனால் எல்லாருக்கும் அது கைகூடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

பஸ்ஸில் திரும்பினோம், போளூரும் தாண்டியது. என் மனசுக்குள் ஒரே வழக்கு. குரல் போன பிறகு மிஞ்சுகிறவன் யார்? குறிப்பு எழுதும் குமாஸ்தா. அவனுக்காக இத்தனை பாடா என்று தோன்றியது. எஸ்தர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

"எனக்கு உங்க பேச்சு வேணாங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து ஜாஸ்தியாவே கேட்டாச்சு. நீங்க இருந்தா போதும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்தது. முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். அடுத்த வாரம் கையெழுத்துப் போட்டேன்.

அறுவை முடிந்து கண் விழித்தபோது வலிக்கு முன்பே தெரிந்தது காற்றின் வழி மாறியிருந்ததுதான். மூக்கில் மூச்சு இல்லை. கழுத்தின் அடியில், சட்டையின் மேல் பொத்தான் இருக்கும் இடத்தில், ஒரு துளை. ஸ்டோமா (மூச்சுக்குழாயை நேரே கழுத்துத் தோலில் திறந்துவிடும் துளை) என்றார்கள். இனி வாய் சாப்பிட மட்டும், மூச்சு எல்லாம் கழுத்து வழியாக. இருமினால் சளி அங்கிருந்து தெறிக்கும். எஸ்தரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். உதடு அசைந்தது, நாக்கு புரண்டது, ஒன்றும் வரவில்லை. அழுதேன். அழுகைக்கும் சத்தம் இல்லை.

சில நாள் மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கஞ்சி ஊற்றினார்கள். பிறகு விழுங்கப் பழகினேன். துளையைச் சுத்தம் செய்வதை எஸ்தர்தான் முதலில் கற்றுக்கொண்டாள், நான் கண்ணாடியைப் பார்க்கவே மறுத்தேன். இப்போது இந்த நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். சீக்கிரம் பார்த்துவிடுங்கள். நாம் நினைக்கும் அளவுக்கு அது கோரமாக இல்லை. குளிக்கும்போது தண்ணீர் உள்ளே போகாமல் காப்பதுதான் பெரிய வேலை. மெல்லிய மல் துணியை நாலாக மடித்துக் கழுத்தில் கட்டிக்கொண்டால் தூசிக்கும் பாதுகாப்பு, பிறர் கண்ணுக்கும் மறைப்பு.

ஊர் திரும்பினேன். ஒரு சிலேட்டும் பலப்பமும் என் வாயாயின. அங்கேதான் அந்த வேடிக்கை தொடங்கியது. எனக்குப் போனது பேச்சு. ஆனால் ஊரில் எல்லாரும் எனக்குக் காதும் போய்விட்டது என்று முடிவு செய்துவிட்டார்கள். மளிகைக்கடைக்காரர் என்னைக் கண்டதும் தன் வாயைப் பொத்திக்கொண்டு, கையால் மூட்டை தூக்குவது போல் காட்டி, விரலை நீட்டி எத்தனை கிலோ என்று கேட்டார். என் மாமியார் காதருகே வந்து கத்தினார். ஆபீஸில் பக்கத்து மேசைக்காரர் என்னோடு மட்டும் கிசுகிசுத்தே பேசினார். ஏன் என்று சிலேட்டில் எழுதிக் கேட்டால், அவரும் சிலேட்டை வாங்கிப் பதிலை எழுதிக் கொடுத்தார்!

லூக்கா சுவிசேஷத்தின் தொடக்கத்தில் சகரியா என்று, ஆலயத்தில் ஊழியம் செய்யும் வயதான ஆசாரியன் ஒருவன் வருகிறான். அவனுக்குப் பிள்ளை பிறக்கும் என்று தேவதூதன் சொன்னதை நம்பாததால் அவன் வாய் கட்டப்படுகிறது. பிறகு பிள்ளை பிறந்து, என்ன பெயர் வைப்பது என்று உறவினர்கள் அவனைச் சைகையால் கேட்கிறார்கள். அவன் ஊமைதானே, செவிடு இல்லையே, சைகை எதற்கு என்று பல வருடம் முன்பு கமலா டீச்சர் வகுப்பில் கேட்டிருந்தார். நான் புத்தகங்களைப் புரட்டி, காதும் கேட்காமல் போயிருக்க வேண்டும் என்று பெரிய விளக்கம் கொடுத்தேன். இப்போது மளிகைக்கடை வாசலில் நின்று தெரிந்துகொண்டேன். அவனுக்குக் காது நன்றாகவே கேட்டிருக்கும். உறவுக்காரர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்.

இந்தக் கண்டுபிடிப்பை யாரிடமாவது சொல்ல வேண்டுமென்று துடித்தேன். சிலேட்டில் எழுதிச் சொன்னால் உப்புச்சப்பில்லாமல் போகும் என்று விட்டுவிட்டேன். வகுப்புக்கே நான் போகவில்லை. பாஸ்டர் ஐயா வீட்டுக்கு வந்தபோது, வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்று எழுதிக் காட்டினேன். அவர் சரியென்றும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. அந்த வாரங்களில் வெள்ளிக்கிழமைகளில் பாட்டுப் பாடி ஜெபம் செய்து கலைந்தார்கள் என்று எஸ்தர் சொன்னாள். டப்பாவில் ஒரு சீட்டும் விழவில்லையாம். என் மனசு நோகுமென்று போடவில்லையாம். அந்த இரக்கம் புற்றைவிட என்னை அரித்தது.

வேலூரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருவர் இருந்தார். உணவுக்குழாய்ப் பேச்சு (காற்றை விழுங்கி, அதை ஏப்பம் போல் மேலே விட்டு, வாயால் வார்த்தையாக்குவது) சொல்லிக் கொடுத்தார். எனக்கு ஒரு எழுத்தும் வரவில்லை. வயிறு உப்பியது, வார்த்தை வரவில்லை. மூன்று தடவை போய்விட்டு நான்காவது தடவை பஸ் ஏறாமல் இருந்துவிட்டேன்.

அப்படி இருந்த ஒரு பகலில்தான் சுந்தரேசன் வந்தான். அவனும் நானும் உயர்நிலைப்பள்ளியில் ஒரே பெஞ்சு. அவன் கோயில் குருக்கள் குடும்பம். குடும்பத்துக்குக் குடும்பம் சன்னதியில் முறை வரும். தன் முறை வரும் நாட்களில் அவனைத் தெருவில் பார்க்கவே முடியாது, முடிந்ததும் நேரே யார் வீட்டுக்காவது காப்பி குடிக்க வந்துவிடுவான். பள்ளிக் காலத்திலிருந்தே என் சுவிசேஷங்களை வம்புக்கு இழுப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. அன்று முறை முடிந்த கையோடு வந்திருந்தான். அவன் உள்ளே நுழைந்தாலே கற்பூரமும் விபூதியும் மணக்கும். அன்று எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. மூக்கில் மூச்சு இல்லாதவனுக்கு வாசனையும் கிடையாது என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது.

அவன் எனக்குச் சைகை காட்டவில்லை. அதற்கே அவனைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. என்னடா படிச்சிண்டிருக்கே என்றான். லூக்காவின் முதல் அதிகாரத்தைத் திறந்து அவன் மடியில் வைத்து, 'இவன்தான் நான்' என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். கசப்பில் எழுதியதுதான்.

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் வைத்து மெதுவாக வாசித்தான். சகரியாவுக்குத் தன் ஆசாரியப் பிரிவின் முறைப்படி ஆலயத்தில் ஊழியம் வருகிறது. சீட்டுப் போட்டதில் உள்ளே போய்த் தூபம் காட்டும் வேலை அவனுக்கு விழுகிறது. ஜனங்கள் வெளியே காத்திருக்கிறார்கள். சுந்தரேசன் நிமிர்ந்தான்.

"இவனுக்கு முறைடா" என்றான், யாரோ உறவுக்காரனைக் கண்டுபிடித்துவிட்ட குரலில்.

மேலே வாசித்தான். உள்ளே நேரமாகிறது, வெளியே ஜனங்கள் ஏன் இன்னும் வரவில்லை என்று யோசிக்கிறார்கள். அந்த இடத்தில் அவன் தலையாட்டிச் சிரித்தான். திரை போட்டபின் ஒரு நிமிஷம் கூடிப்போனாலும் வெளியே நிற்பவர்களுக்கு எப்படித் திக்கென்று இருக்கும் என்று சொன்னான். பிறகு ஒரு வரியில் விரல் நின்றது. இரண்டு தடவை வாசித்தான்.

"இதைப் பாத்தியோ? வாய் போயிடுத்து. ஆனா உடனே கிளம்பலை. முறை நாள் முடிஞ்சப்புறம்தான் ஆத்துக்குப் போயிருக்கான்."

அந்த வரி எனக்கு மனப்பாடம். ஊழிய நாட்கள் முடிந்தபின் வீட்டுக்குப் போனான் என்ற வரி. அது ஒரு கதையில் இங்கிருந்து அங்கே போவதற்கான வரி என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் டப்பாவில் யாரும் அதைப் பற்றி எழுதிப் போட்டதில்லை. எந்த விளக்க நூலைப் புரட்டியபோதும் நான் அங்கே நின்றதில்லை. பேச முடியாதவன் ஏன் உடனே வீட்டுக்கு ஓடவில்லை? அது ஒரு கேள்வி என்றே எனக்குத் தோன்றியதில்லை. வாய் போனவனால் என்ன ஊழியம் செய்ய முடியும் என்று எழுதிக் கேட்டேன்.

சுந்தரேசனுக்கு அது கேள்வியாகவே படவில்லை. "விளக்கு ஏத்தணும், திரி மாத்தணும், தண்ணி கொண்டாந்து வைக்கணும். பாதி வேலை கைதாண்டா. மந்திரத்தைப் பக்கத்துல இருக்கறவர் சொல்லுவார். அதுக்காக முறை அவரோடது ஆயிடுமா? முறை இவனோடதுதானே?"

காப்பியைக் குடித்து முடித்தான். வெள்ளிக்கிழமை உன் முறைதானே என்று மட்டும் கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

நான் அன்று முழுக்க அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தேன். சொல்ல வெட்கமில்லை, எனக்கு அவன்மேல் கோபம்கூட வந்தது. இத்தனை வருடம் நான் பிரசங்கம் செய்த அதிகாரத்தில், நான் ஒருநாளும் காணாத வாசலை அவன் காப்பி ஆறுவதற்குள் திறந்துவிட்டான். கோபத்துக்கு அடியில் வேறு ஒன்று இருந்தது. அறுவைக்குப் பிறகு முதல்முறையாக எனக்கு நல்ல பசி எடுத்தது.

வெள்ளிக்கிழமை எஸ்தரிடம் சட்டை எடுத்துத் தரச் சொல்லி எழுதினேன். அவள் காரணம் கேட்கவில்லை, கழுத்துத் துணியை மட்டும் புதிதாக மாற்றினாள்.

நான் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். இழவு வீட்டில் எழுவது போல இருந்தது. ஞாயிறு பள்ளிக்கூடத்துக் கரும்பலகையை இழுத்து நடுவில் வைத்தேன். 'எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது' என்று பெரிய எழுத்தில் முதல் வரி எழுதினேன். சிரிப்பு எழும்பியது. இரண்டாவது வரியாக, 'சகரியா ஏன் உடனே வீட்டுக்குப் போகவில்லை?' என்று எழுதிவிட்டு உட்கார்ந்தேன்.

 ஒருவர் வெட்கப்பட்டிருப்பான் என்றார். இன்னொருவர் மனைவியிடம் எப்படிச் சொல்வதென்று பயந்திருப்பான் என்றார். ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் நடுநடுவே எழுந்து ஒரு வார்த்தை எழுதினேன். பலகையில் இடம் குறைவு, என் பதில்களும் குறைந்தன. முன்பெல்லாம் நான் ஒரு மணி நேரம் பேசுவேன், அவர்கள் கேட்பார்கள். அன்று அவர்கள் பேசினார்கள். கோயில் முறையைப் பற்றிச் சுந்தரேசன் சொன்னதை எழுதியபோது, இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எல்லாருக்கும் அது சட்டென்று பிடிபட்டது. அடுத்த வாரம் டப்பாவில் சீட்டுகள் இருந்தன.

பஸ் ஏறி மறுபடி வேலூர் போனேன். பயிற்சி அம்மா என்னைத் திட்டவில்லை. ப, ட, க போன்ற எழுத்துகளை அழுத்திச் சொன்னால் காற்று தானாக உள்ளே இறங்கும், அதைப் பிடித்து உடனே திருப்பி விடுங்கள் என்றார். ஏப்பம் விடுவது அநாகரிகம் என்று பழக்கப்பட்ட மனுஷன் நான். அதையே நாள் முழுக்க, வேண்டுமென்று, குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். எங்கள் பிள்ளைகள் வெளியே நின்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செய்தேன்.

ஒரு காலையில் அடுப்பங்கரை வாசலில் நின்று காற்றை விழுங்கி, திருப்பி விட்டு, "காப்பி" என்றேன்.

தவளை கத்தியது போல்தான் இருந்தது. ஆனால் அது வார்த்தை, முழு வார்த்தை. எஸ்தர் திரும்பிப் பார்த்தாள். பாலை அடுப்பில் வைத்தாள், டிகாஷன் ஊற்றினாள், சர்க்கரை போட்டுக் கலக்கி என் கையில் கொடுத்தாள். பிறகு கொல்லைப்பக்கம் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். வாய் திறந்ததும் சகரியா தேவனைத் துதித்தான் என்று இருக்கிறது. நான் காப்பி கேட்டேன். என் துதி அப்படித்தான் இருந்தது, அதில் குறை ஒன்றும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பிறகு 'பாட்டி', 'கட்டு', 'தட்டு' எல்லாம் வந்தன. இரண்டு வார்த்தை சேர்ந்து வரப் பல மாதம் பிடித்தது. வாக்கியத்தை எடுத்தால் நடுவில் காற்று தீர்ந்துவிடும். சளி பிடித்தால் எல்லாம் போய்விடும், மறுபடி முதலிலிருந்து. இந்தப் பயிற்சியில் இருப்பவர்கள் மனம் விட வேண்டாம். வராத நாட்கள்தான் அதிகம். வராத நாளிலும் செய்யுங்கள்.

வகுப்பில் நான் பலகையை விடவில்லை. நன்றாகப் பேச வந்தபிறகே அங்கே வாயைத் திறப்பது என்று வைராக்கியமாக இருந்தேன். இதற்கிடையே எனக்கு ஒரு குறை இருந்தது. எல்லாரும் பேசினார்கள், கேட்டார்கள், ஆனால் நான் பலகையில் எழுதியதை யாரும் மறுக்கவில்லை. கமலா டீச்சர்கூட நான் எழுதும் எதற்கும் தலையாட்டினார். ஊமையோடு சண்டை போடுவது பாவம் என்று நினைத்திருப்பார் போல. உடம்பு தேறியிருந்தது, டாக்டர் பரிசோதனைகளில் திருப்தியாக இருந்தார், ஆனால் அந்தத் தலையாட்டலைப் பார்க்கும்போதெல்லாம் நான் இன்னும் படுக்கையில் கிடப்பது போல இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தச் சீட்டு வந்தது. சகரியாவும், இயேசுவின் தாயாகப்போகிற மரியாளும், பிள்ளை பிறக்கும் என்று சொன்ன தூதனிடம் கேட்டது கிட்டத்தட்ட ஒரே கேள்விதான், இது எப்படி நடக்கும் என்று. கிழவனுக்கு வாய் போனது, பெண்ணுக்கு ஆசீர்வாதம் கிடைத்தது, இது என்ன நியாயம்? சாக்பீஸை எடுத்தேன். கீழே வைத்தேன். காற்றை விழுங்கினேன்.

"ரெண்டும்... ஒரே கேள்வி இல்ல" என்றேன்.

 என் குரல் எப்படி இருந்ததென்று எனக்குத் தெரியும். கரடுமுரடாக, தாழ்வாக, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் விக்கலோடு.  பாஸ்டர் ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சொல்ல வேண்டியதைத் துண்டு துண்டாகச் சொன்னேன். மரியாள் எப்படி நடக்கும் என்றுதான் கேட்டாள். சகரியா இதை நான் எதனால் அறிவேன் என்று கேட்டான், அதாவது அடையாளம் வேண்டும் என்றான். கேட்ட அடையாளம் கொடுக்கப்பட்டது, அவன் உடம்பிலேயே. பிள்ளை பிறக்கும்வரை ஒவ்வொரு நாளும் வாயைத் திறக்கும்போதெல்லாம் தூதன் வந்தது நிஜம் என்று அவனுக்குத் தெரிந்துகொண்டிருக்கும். ஆகவே அது தண்டனை இல்லை.

முடித்துவிட்டு மூச்சு வாங்கினேன். கமலா டீச்சர் கையை உயர்த்தியிருந்தார்.

"அது எப்படிங்க தண்டனை இல்லாம போவும்? நீ நம்பலை, அதனால பேச மாட்டேன்னு தூதன் வாயாலேயே சொல்றாரே. அப்படியே எழுதியிருக்கு. உங்க வசதிக்கு மாத்தாதீங்க."

பக்கத்தில் இருந்த பெண் அவர் புடவையைப் பிடித்து இழுத்தாள். நாலைந்து பேர் அவரை முறைத்தார்கள். அவருக்கும் அப்போதுதான் உறைத்தது போல, முகம் வெளுத்துக் கையைக் கீழே இறக்கினார். நான் மேசையைத் தட்டினேன். சந்தோஷத்தில் எனக்குக் காற்றை விழுங்கவே முடியவில்லை, மூன்று முறை முயன்ற பிறகுதான் இறங்கியது.

"விடுங்க... அவங்க பேசட்டும்" என்றேன். பிறகு அவரைப் பார்த்து, "தண்டனைன்னா... முறையிலேருந்து... எடுத்திருப்பாங்களே? எடுக்கலையே?"

"முறை முடியட்டும்னு விட்டிருக்கலாம். பாவப்பட்டு விட்டிருக்கலாம்" என்றார் அவர், விடாமல்.

"பாவப்பட்டு... யாரும்... முறை கொடுக்க மாட்டாங்க" என்றேன்.

அப்புறம் ஆளாளுக்குப் பேசினார்கள். பாதிப் பேர் அவர் பக்கம், பாதிப் பேர் என் பக்கம். நான் காற்று விழுங்கும் இடைவெளியில் அவர் புகுந்துவிடுவார். அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் நான் புகுந்துவிடுவேன். வகுப்பு முடியும் நேரம் எப்போதோ தாண்டிப்போயிருந்தது. ஜெபம் செய்து அனுப்பப் பாஸ்டர் ஐயா இரண்டு முறை எழுந்து நின்று இரண்டு முறையும் உட்கார்ந்தார். அன்றுதான் நான் குணமானேன். எந்த டாக்டரும் அந்தத் தேதியை என் அட்டையில் எழுதவில்லை.

இது நடந்து பல வருடம் ஆகிறது. பரிசோதனைகளுக்கு இப்போது எப்போதாவது வந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். அறுவைக்கு முன்னால் பயந்து உட்கார்ந்திருப்பவர்களிடம் பேசச் சொல்லி வேலூரில் என்னைக் கேட்கிறார்கள். போய் என் குரலைக் கேட்கவிடுகிறேன். முதலில் திகைப்பார்கள், பிறகு கேள்வி கேட்பார்கள். இப்போது இதைப் படிப்பவர்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். உங்கள் முறை எதுவோ, அதைக் குரல் வரும்வரை தள்ளிவைக்காதீர்கள்.

உடம்பு வேறு கணக்கில் ஓடுகிறது. முன்பு எனக்குப் பேச்சு இலவசமாக வந்தது, வாரி இறைத்தேன். இப்போது ஒவ்வொரு வார்த்தையையும் விழுங்கிய காற்றில் இருந்து எடுக்க வேண்டும். அதனால் ஒரு வாக்கியம் தொடங்குமுன் அது தேவையா என்று பார்க்கிறேன். பெரும்பாலும் தேவையில்லை. ஒரு மணி நேரத்தில் நான் சொல்வது அன்று ஐந்து நிமிஷத்தில் சொன்னதைவிடக் குறைவு, ஆனால் அந்த ஒரு மணி நேரம் முழுவதும் என்னிடம் இருக்கிறது. சன்னதித் தெருவில் நடக்கும்போது மலர்க்கடைகள் மணப்பதில்லை, காற்று கழுத்தில் குளிர்ந்து உள்ளே போவது தெரிகிறது. மூச்சு விடுகிறேன் என்பதை ஒரு நாளில் பலமுறை நினைத்துப் பார்க்கிறேன். மூக்கால் விட்ட காலத்தில் ஒருமுறைகூட நினைத்ததில்லை.

கமலா டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார், வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறார். சகரியாவுக்கு நேர்ந்தது தண்டனைதான் என்கிறார். இன்றுவரை என்னோடு ஒத்துப்போகவில்லை. நானும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.